உள்ளரங்கக் கால்பந்தின் முதல் உலகக் கோப்பை எது? 1982-ஆ, 1989-ஆ? ஊட்டி மலைக்கு இதில் என்ன வேலை?

ஊட்டியிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கிளென்மார்கன். தேயிலைத் தோட்டம், ஒரு நீர்த்தேக்கம், அங்கிருந்து சிங்காரா மின்நிலையத்துக்குச் சரிவில் இறங்கும் மின்வாரிய விஞ்ச். ஃபோட்டோவில் பார்த்தால் பச்சைப்பசேல்னு அள்ளும். ஆனா அங்கே கால்பந்து ஆடணும்னா? சர்வதேசப் போட்டிக்கான மைதானம் குறைந்தது 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் இருக்கணும். தேயிலைச் சரிவில் அவ்வளவு சமதளத்துக்கு எங்கே போவது? அப்படியே கிடைத்தாலும் ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். பந்து ஒருமுறை கீழே உருண்டால், அதை எடுத்து வரவே பாதி நேரம் போயிடும்.

40 மீட்டருக்கு 20 மீட்டர் தரையும் மேலே ஒரு கூரையும் இருந்தாலே போதும் என்கிற கால்பந்து ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஃபுட்சால். மலை ஊர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரியான ஆட்டம்.

2025 டிசம்பர் 7 அன்று பிலிப்பைன்ஸில் இதன் மகளிர் உலகக் கோப்பை இறுதிப்போட்டி நடந்தது. பிரேசில் 3-0 என்று போர்ச்சுகலை வீழ்த்தியது. ‘வரலாற்றின் முதல் மகளிர் ஃபுட்சால் உலகக் கோப்பை’ என்று ஃபிஃபா கொண்டாடியது. இந்த ‘முதல்’ என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. இந்த விளையாட்டில் எது முதல் என்று கேட்டால், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

பேஸ்கட்பால் தரையில் பிறந்த பிள்ளை

1930. உருகுவே நாட்டின் தலைநகர் மான்டிவிடியோ. கால்பந்தின் முதல் உலகக் கோப்பை அங்கேதான் நடந்தது, உருகுவேதான் ஜெயித்தது. 1924, 1928 ஒலிம்பிக் தங்கமும் ஏற்கெனவே கையில். ஊர்ப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சந்துபொந்தெல்லாம் பந்து. ஆனால் ஆட இடம் பத்தவில்லை, மழை வேறு.

அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர் ஹுவான் கார்லோஸ் செரியானி. பேஸ்கட்பால் தரையிலேயே கால்பந்து ஆடினால் என்ன என்று யோசித்தார். அணிக்கு 5 பேர் என்பதை பேஸ்கட்பாலிடமும், சின்ன கோல் கம்பத்தை ஹேண்ட்பாலிடமும், கோல்கீப்பருக்கான விதிகளை வாட்டர் போலோவிடமும் கடன் வாங்கினார். ஆட்டம் ரெடி. ஒய்.எம்.சி.ஏ.வின் கிளைகள் வழியாகவே அது தென் அமெரிக்கா முழுக்கப் பரவியது. (சென்னைக்காரர்களுக்கு இது புதுசா இருக்காது. 1920-ல் இங்கே தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி எத்தனை விளையாட்டு ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறது!)

நம்ம ஊர் ‘டர்ஃப்’பில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுவது ஃபுட்சாலா? பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கறாராகப் பார்த்தால் இல்லை. ஃபுட்சாலுக்குச் செயற்கைப் புல் கிடையாது, வழவழப்பான கெட்டித் தரை வேண்டும். பந்து கொஞ்சம் சின்னது, அதிகம் எகிறாது. 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, பந்து வெளியே போனால் கடிகாரமும் நிற்கும். ஆஃப்சைடு கிடையாது. ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு பாதியில் ஓர் அணி ஆறாவது ஃபவுலைச் செய்துவிட்டால், அதிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவரே இல்லாத ஃப்ரீ கிக்.

1982: சாவோ பாவ்லோவில் நடந்தது என்ன?

1971-ல் இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு சர்வதேச அமைப்பு பிரேசிலில் உருவானது. சுருக்கப் பெயர் ஃபிஃபுசா. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? ஜோவாவ் ஹவலாஞ்ச். ஆமாம், 1974 முதல் 1998 வரை ஃபிஃபாவை ஆண்ட அதே ஹவலாஞ்ச்.

1982-ல் ஃபிஃபுசா தன் முதல் உலக சாம்பியன்ஷிப்பை சாவோ பாவ்லோவில் நடத்தியது. இறுதியில் பிரேசில் 1-0 என்று பராகுவேயை வென்றது. 1985-ல் மாட்ரிட், மீண்டும் பிரேசில். 1988-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கதை மாறியது: பராகுவே 2-1 என்று பிரேசிலைச் சாய்த்து உலக சாம்பியன் ஆனது.

கூட்டம் கூடியது, நாடுகள் சேர்ந்தன. அப்போதுதான் ஃபிஃபா திரும்பிப் பார்த்தது. ‘ஃபுட்பால்’ என்ற சொல்லை வேறு அமைப்பு பயன்படுத்துவதை அது விரும்பவில்லை என்றும், அதனால்தான் பெயரைக் கத்தரித்து ‘ஃபுட்சால்’ என்று 1985-ல் ஒட்டுப் போட்டார்கள் என்றும் சொல்லப்படுவதுண்டு. இன்றைக்கு ஃபிஃபாவின் கோப்பையிலேயே அந்தப் பெயர்தான் இருக்கிறது என்பது தனி வேடிக்கை.

1989 ஜனவரியில் நெதர்லாந்தில் 16 அணிகளோடு ஃபிஃபா தன் சொந்தப் போட்டியை நடத்தியது. ராட்டர்டாமில் நடந்த இறுதிப்போட்டியில் பிரேசில் 2-1 என்று நெதர்லாந்தை வென்றது. ஃபிஃபாவின் கணக்கு இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1982, 1985, 1988 மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. ஃபிஃபுசாவைத் தொடங்கி வைத்த ஹவலாஞ்ச்தான் அப்போது ஃபிஃபாவின் தலைவர்!

ஒரே ஆண்டில் ரெண்டு உலக சாம்பியன்

ஃபிஃபுசா உடனே ஓய்ந்துவிடவில்லை. 1991-ல் போர்ச்சுகல், 1994-ல் அர்ஜென்டினா, 1997-ல் வெனிசுவேலா என்று அதன் சாம்பியன்கள் தொடர்ந்தார்கள். 2000-ல் உச்சம். பொலிவியாவில் ஃபிஃபுசா நடத்திய போட்டியில் கொலம்பியா உலக சாம்பியன். அதே ஆண்டு குவாத்தமாலாவில் ஃபிஃபா நடத்திய போட்டியில் ஸ்பெயின் உலக சாம்பியன். ஒரு விளையாட்டு, ஒரு வருஷம், ரெண்டு சாம்பியன். பிறகு ஃபிஃபுசா கலைந்து, அதன் இடத்தில் ஏஎம்எஃப் என்ற புதிய அமைப்பு பராகுவேயிலிருந்து இயங்கத் தொடங்கியது.

யார் சொல்வது சரி? நேர்மையாகப் பார்த்தால் முதல் உலக சாம்பியன்ஷிப் 1982-ல் நடந்ததுதான். பல நாடுகள் வந்தன, விதிகள் இருந்தன, கோப்பை இருந்தது. 1989-ஐ ‘ஃபிஃபாவின் முதல் போட்டி’ என்று சொன்னால் அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த ‘ஃபிஃபாவின்’ என்ற சொல்லை விட்டுவிடும்போதுதான் வரலாறு வெட்டுப்படுகிறது. ஃபிஃபா உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஆண்கள் அணி ஒருமுறைகூடத் தகுதி பெறாத நாடு வெனிசுவேலா. அங்கே 1997-ல் கோப்பையைத் தூக்கிய வீரர்கள், அதிகாரப்பூர்வ பட்டியலைத் திறந்து பார்த்தால் தங்கள் நாட்டின் பெயரே இருக்காது.

பெண்கள் விஷயத்திலும் இதேதான். 2010 முதல் 2015 வரை ஆண்டுக்கொரு முறை மகளிர் உலக ஃபுட்சால் போட்டி நடந்தது. ஆறு முறையும் பிரேசில்தான் சாம்பியன். ஃபிஃபா கோப்பை வருவதற்குள் அந்தத் தலைமுறையில் பலருக்கு ஆடும் வயசே தாண்டிவிட்டது.

சென்னைக்கு வந்த சண்டை

இதெல்லாம் எங்கேயோ தென் அமெரிக்காவில் நடந்த பங்காளிச் சண்டை என்று நினைத்தால், 2016 ஜூலையை நினைவுபடுத்திக்கொள்ளலாம். ‘பிரீமியர் ஃபுட்சால்’ லீக் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில்தான் தொடங்கியது. லீகின் தலைவர் லூயிஸ் ஃபிகோ. ரொனால்டினோ, ரயன் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ் என்று டிவியில் மட்டுமே பார்த்த முகங்கள் வந்தன. சென்னை அணிக்கு ஃபுட்சாலின் மிகப்பெரிய பெயரான ஃபல்காவ். ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் விராட் கோலி பாடிய பாட்டு வேறு!

ஆனால் இந்தியக் கால்பந்து சம்மேளனமான ஏஐஎஃப்எஃப் அந்த லீகை அங்கீகரிக்கவில்லை. நம் நாட்டில் ஃபுட்சாலும் தன் அதிகாரத்தின் கீழ்தான் வரும் என்பது அதன் நிலைப்பாடு. உலக அளவில் ஃபிஃபா என்ன சொன்னதோ அதேதான். இரண்டு சீசனோடு லீக் நின்றுபோனது.

சரி, ஏஐஎஃப்எஃப் அதற்கு முன்பே ஏதாவது செய்து வைத்திருந்ததா? தேசிய அளவிலான கிளப் சாம்பியன்ஷிப்பை அது முதன்முதலாக நடத்தியது 2021-ல், டெல்லியில். டெல்லி எஃப்சி ஜெயித்தது. இந்திய ஆண்கள் அணி ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கால் வைத்தது 2023-ல், தஜிகிஸ்தானில். பெண்கள் அணி 2025 ஜனவரியில், இந்தோனேசியாவில். சாவோ பாவ்லோவில் பராகுவேயும் பிரேசிலும் மோதி 40 வருஷம் கழித்து! ‘இது எங்களுடையது’ என்று சொல்வதில் இருந்த வேகம், ஆட வைப்பதில் இல்லை.

அங்கீகாரம் என்பது வெறும் காகிதமா? 2022 ஆகஸ்ட்டில் ஏஐஎஃப்எஃப்பையே ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா அணி ஆட முடியாமலேயே திரும்பியது. தடை நீடித்தது சுமார் 11 நாள்தான். அவர்களுக்கு ஒரு சீசனே போனது.

மலையேறி வந்தால்...

இப்போ மறுபடி கிளென்மார்கன். அந்தப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் வளரும் ஒரு பையனோ பொண்ணோ கால்பந்தில் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கூடலூர் தாண்டி நாடுகாணி வழியாக இறங்கினால் மலப்புரம். அங்கே செவன்ஸ் கால்பந்துக்குக் கூடும் கூட்டம் ஊருக்கே தெரியும். அதுவும் ஃபிஃபா கணக்கில் வராத ஆட்டம்தான். ஆனாலும் அங்கே ஆடினால் பேர் கிடைக்கும், காசும் கிடைக்கும்.

கிடைக்காத ஒன்று உண்டு: சான்றிதழின் மதிப்பு. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. அங்கெல்லாம் எத்தனை கோல் அடித்தாய் என்று கேட்பதற்கு முன், போட்டியை நடத்தியது யார் என்றுதான் பார்ப்பார்கள். ஒரு விளையாட்டுக்கு ஒரே தேசிய சம்மேளனம் என்பதுதான் இந்திய அரசு பின்பற்றும் முறை. ‘நேஷனல்’, ‘இன்டர்நேஷனல்’, ‘வேர்ல்டு’ என்று போஸ்டரில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், நடத்தும் அமைப்பு அந்த வரிசையில் இல்லையென்றால் மெடல் வீட்டு ஷோகேஸுக்கு மட்டும்தான்.

அதனால் நுழைவுக் கட்டணம், பயணச் செலவு என்று கையிலிருந்து பணம் போட்டுப் போகும் முன் பெற்றோரும் பயிற்சியாளரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தப் போட்டி மாவட்டக் கால்பந்து சங்கம், தமிழ்நாடு கால்பந்து சங்கம், ஏஐஎஃப்எஃப் என்ற வரிசையில் எதன் கீழ் நடக்கிறது? பதிலை வாய் வார்த்தையாக வாங்காமல், எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.