ஆக்சிஜனைக் கூட்டும் முன் ஓர் அழைப்பு

காரமடையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து எங்கள் நுரையீரல் பிரிவுக்கு வருவோரில் பலர், ஆக்சிஜன் உருளையுடன் வாடகைக் காரில் ஏறி, இரண்டு மணி நேரம் காத்திருந்து, ஐந்து நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்குபவருக்கு அந்தப் பயணமே பெரும் சுமை. இருமுவோர் நிறைந்த கூடத்தில் புதிய தொற்றும் சேரலாம். நோய் நிலையாக உள்ளவர்களின் மறு ஆலோசனைகளில் பெரும்பகுதி காணொளி வழியே நடைபெற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இதற்குச் சட்டத் தடை இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இதை அனுமதிக்கின்றன. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கருதினால் அவ்வாறு அழைக்கும் உரிமையையும் அவருக்குத் தருகின்றன. 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. அந்த வசதி மூச்சு நோயாளிக்கும் ஏன் நீளக் கூடாது?

ஆனால் கருவிகளை வாங்கி வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள 256 பேரைக் கொண்டு ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. வீட்டிலிருந்து நாள்தோறும் அளவுகளை அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே தரமான சிகிச்சையைப் பெற்றனர். அளவுகளை அனுப்பியதால் மருத்துவமனையில் சேரும் நாள் தள்ளிப் போகவில்லை. எண்ணை அனுப்புவது மட்டும் சிகிச்சை ஆகாது.

காணொளியின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. முதியவர் ஒருவர், "இன்ஹேலரைச் சரியாத்தான் இழுக்கறனுங்க" என்று மாதந்தோறும் எங்களிடம் சொல்லி வந்தார். வீட்டுக் காணொளியில் பார்த்தபோது, மருந்தை வாயில் அடித்த மறுகணமே மூச்சை வெளியே விட்டுவிட்டார். அவருடைய ஆக்சிஜன் குழாய் விறகடுப்பின் அருகே கிடந்ததையும் அன்றுதான் கண்டோம். மருமகளிடம் சொல்லி, அப்போதே கட்டிலை வேறு அறைக்கு மாற்றச் செய்தோம். மருத்துவமனை மேசையின் எதிரில் அமர்ந்து இதை நாங்கள் ஒருநாளும் அறிந்திருக்க முடியாது.

பராமரிப்போர் அன்பினால் செய்யும் ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். ஆக்சிமீட்டரில் 90 என்று கண்டதும் அஞ்சி, 98 ஆகும் வரை ஆக்சிஜனைத் திருகிக் கூட்டுகின்றனர். அடைப்பு நோய் முற்றியவர்கள் பலருக்கு 88 முதல் 92 வரை இருப்பதே போதுமானது. அதற்கு மேல் கூட்டினால் உடலில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, குழப்பம், எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவை தொடரலாம். நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்களுக்கு அளவு வேறு. ஆகவே உங்களுக்குரிய எண்ணை எங்களிடம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். குளிர்ந்த விரலும் மருதாணியும் அளவீட்டைத் தவறாகக் காட்டக்கூடும். கருமையான தோலில் கருவி சற்றுக் கூடுதலாகவே காட்டுவதும் உண்டு. எண்ணோடு ஆளையும் பாருங்கள். நேற்று ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேசியவர் இன்று இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா? சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதா? கால் வீங்கியதா? ஆக்சிமீட்டர் சொல்லாத இவற்றையே எங்களிடம் முதலில் சொல்லுங்கள்.

உதடு நீலம் பாய்ந்தால், பேச்சுக் குழறினால், சளியில் இரத்தம் மிகுந்தால், திடீரென நெஞ்சு வலித்தால் காணொளிக்காகக் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

எங்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. பகலில் அழைப்பை எடுக்கச் செவிலியர் இருக்கிறார், இரவில் இல்லை. மூச்சுத் திணறல் இரவிலும் மிகக்கூடும். இரவு அழைப்பை எடுக்க ஒருவரை அமர்த்துமாறு நிர்வாகத்திடம் நாங்கள் கேட்டிருக்கிறோம். புதிய கருவிகளை வாங்குவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறோம்.