கப்பலுக்கு வரவேற்பு, காதலுக்குக் கைவிலங்கா?

கரீபியன் கடலின் தீவுகளில் சுற்றுலாக் கப்பல் வந்து நின்றால் வாத்தியம் முழங்குகிறது. 'வருக, வருக' என்று பலகை தொங்குகிறது. ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் இறங்குகிறார்கள். டாலர் கொண்டுவரும் எவரும் வரலாம் என்பதுதான் அந்த வரவேற்பின் பொருள். ஆனால் இறங்குகிறவர்களில் இரண்டு ஆண்கள், தங்கள் நாட்டில் சட்டப்படி மணந்து வாழ்கிறவர்கள், கைகோத்து நடந்தால்? சிரித்த முகம் சுருங்குகிறது. சட்டப் புத்தகம் விரிகிறது.

காசு படைத்தவன் கப்பலில் போகிற கதை இது. கூலி உயர்வுக்குப் போராடும் நமக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் எழுதுகிறோம்.

முதலில், நடந்தவற்றைப் பார்ப்போம். 1998-ம் ஆண்டு, தன்பால் ஈர்ப்பு கொண்ட சுமார் 900 பேர் பயணம் செய்த கப்பலுக்கு, பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட கேமன் தீவுகள் இடம் தர மறுத்தன. இவர்களிடம் ஒழுங்கான நடத்தையை எதிர்பார்க்க முடியாதாம்! கப்பல் வருமுன்பே தீர்ப்பு வந்துவிட்டது. பகாமாஸ் நாடு 1991-லேயே இந்தக் குற்றப்பிரிவை நீக்கிவிட்டது. ஆயினும் 2004-ல் அதன் நாசோ துறைமுகத்தில், குழந்தைகளோடு வந்திறங்கிய இத்தகைய குடும்பங்களை எதிர்ப்புக் கோஷம்தான் எதிர்கொண்டது. சட்டம் போனாலும் அது விதைத்த வெறுப்பு உடனே போய்விடுவதில்லை.

2012 மார்ச்சில் டொமினிக்கா தீவில் இரண்டு அமெரிக்கர்கள் கப்பலிலேயே கைது செய்யப்பட்டனர். பிறர் கண்ணில் படும்படி ஆடையின்றி இருந்தனர் என்பது வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி வெளியேறினர். பொது இடத்தில் அப்படி நிற்பதை நாம் ஆதரிக்கவில்லை. யார் செய்தாலும் அபராதம் போடட்டும். ஆனால் அந்தத் தீவின் சட்டம் அன்று அத்தோடு நிற்கவில்லை. தாழிட்ட கதவுக்குப் பின்னால் இருவர் வாழும் வாழ்வையும் குற்றம் என்றது. அதைத்தான் கண்டிக்கிறோம்.

நடுக்கடலில் கப்பலுக்கு, அது எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம். துறைமுகத்துக்குள் நுழைந்தால் கரையின் சட்டமும் வந்து சேர்ந்துகொள்ளும். காலையில் ஒரே மேசையில் தம்பதிகளாகச் சிற்றுண்டி அருந்தியவர்கள், படி இறங்கியதும் 'நண்பர்கள்' ஆகிவிட வேண்டும். மாலையில் திரும்பி ஏறும்வரை கை கையைத் தொடக்கூடாது. கண் கண்ணைத் தேடக்கூடாது. சீட்டு விற்ற முதலாளியோ, உள்ளூர்ச் சட்டத்துக்குப் பயணியே பொறுப்பு என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டுப் பணத்தை எண்ணுகிறான்!

'இது எங்கள் பண்பாடு' என்கிறார்கள் அந்தத் தீவுகளின் பழமைவாதிகள். யாருடைய பண்பாடு? ஜமைக்காவில் பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கும் பிரிவு, 1864-ல் வெள்ளையன் போட்ட சட்டத்தில் இருக்கிறது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1860-ல், அதே வெள்ளையன் நமக்குப் போட்டது 377-வது பிரிவு. கரும்புத் தோட்டத்தில் மனிதனை அடிமையாக்கிச் சாட்டை வீசியவன் எழுதிய சட்டம், அந்த அடிமையின் பேரனுக்குப் பண்பாடு ஆகுமா? ஏகாதிபத்தியம் கப்பலேறிவிட்டது, அதன் விலங்கைத் தங்கள் நகை என்று அணிந்துகொள்வதா?

வேடிக்கையைக் கேளுங்கள். விலங்கு செய்தவனே பிறகு வெட்கப்பட்டான். கேமன் உள்ளிட்ட தன் ஐந்து கரீபியன் ஆட்சிப் பகுதிகளில் இந்தக் குற்றப்பிரிவை 2001-ம் ஆண்டு பிறந்தபோது பிரிட்டன் ஓர் ஆணையால் ஒழித்தது. விடுதலை பெற்ற ஜமைக்காவோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்காக, இலண்டனிலிருந்து ஆணை வரவேண்டும் என்றோ, டாலர் பையைக் காட்டி மிரட்ட வேண்டும் என்றோ நாம் சொல்லவில்லை. மண்ணின் மக்களே போராடி வென்றிருக்கிறார்கள். பெலிஸ் நாட்டில் காலப் ஒரோஸ்கோ வழக்காடி 2016-ல் வென்றார். ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ், பார்படோஸ் ஆகிய நாடுகளில் 2022-ல் நீதிமன்றங்கள் அந்தப் பிரிவுகளைத் தள்ளுபடி செய்தன. 2012-ல் கைது செய்த அதே டொமினிக்காவில் 2024 ஏப்ரலில் சட்டம் வீழ்ந்தது. வழக்குத் தொடுத்தவர் அந்தத் தீவின் குடிமகன். டிரினிடாடில் 2018-ல் கிடைத்த வெற்றியை 2025-ல் மேல் நீதிமன்றம் பறித்தது. வென்ற உரிமையும் காவல் இல்லாவிட்டால் களவு போகும்!

இப்போது தோழர்களின் கேள்விக்கு வருவோம். மாலையில் சங்கு ஊதிக் கப்பல் புறப்பட்டுவிடும். பயணிக்குப் பயம் எட்டு மணி நேரம். அந்தத் துறைமுகத்தில் கயிறு இழுக்கும் தொழிலாளி, சந்தையில் பழம் விற்பவள், உணவு விடுதியில் தட்டு கழுவும் இளைஞன், அவர்களிலும் இந்த இயல்பினர் உண்டே! அவர்களுக்கு ஏறிப்போகக் கப்பல் இல்லை. அவர்களுடைய பயம் ஆயுள் முழுவதும். பணக்காரன் பயத்துக்கு விலை கொடுத்துத் தப்புகிறான். ஏழை வேலையை இழக்கிறான், வீட்டை இழக்கிறான், அடி வாங்குகிறான். ஆகவேதான் இது உழைப்பாளியின் பிரச்சினை என்கிறோம்.

நமக்கு இந்த வலி தெரியாததா? புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி மணந்த நம் தோழர்களின் திருமணம் செல்லாது என்று சட்டம் சொன்ன காலம் இருந்தது. மனைவியை மனைவி அல்ல என்றார்கள். 1967-ல் அண்ணாவின் அரசு சட்டம் செய்து அந்த இழிவைத் துடைத்தது. 'உன் துணை உன் துணை அல்ல' என்ற சொல் எப்படிச் சுடும் என்பதை அறிந்த இயக்கம், இன்னொருவர்மீது அந்தச் சொல் வீசப்படும்போது வாய்மூடி இருக்கலாமா?

நம் வீடும் முழுக்கச் சுத்தமாகவில்லை. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் 377-ன் கொடுமையைக் களைந்தது. ஆனால் 2023-ல் திருமண உரிமை தர மறுத்துவிட்டது. அதே 2023-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் புறப்பட்டது. சென்னையில் குற்றமற்ற இருவர் திருகோணமலையில் இறங்கினால் குற்றவாளிகள்! அங்கே 1883-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது.

டாலரை வாங்க நீளும் கை, அதைக் கொண்டுவந்த மனிதனின் கையில் விலங்கு பூட்டக்கூடாது. சீட்டு விற்கும் கம்பெனி, எந்தக் கரையில் என்ன ஆபத்து என்பதைப் பணம் வாங்குமுன் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளையன் விட்டுச்சென்ற இந்தச் சட்டத்தை அந்தந்த நாட்டு மக்களே குப்பையில் எறிய வேண்டும். அவர்கள் போராட்டம் வெல்க என்கிறோம். பயணி மட்டுமல்ல, துறைமுகத் தொழிலாளியும் தன் துணையின் கையைப் பிடித்து நடக்கும் நாளே அந்தத் தீவுகளுக்கு முழு விடுதலை நாள்!