முகம் காட்டா நடிப்பும் இராஜேஸ்வரி சண்முகமும்

இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துத் தமிழைப் போற்றுகின்றோம். ஆயினும் நம் வகுப்பறைகளில் இயற்றமிழே ஆட்சி செய்கிறது. இசைத்தமிழ் விழா நாள்களில் தலைகாட்டுகிறது. நாடகத் தமிழோ ஒரு தாளின் ஓர் அலகாக ஒடுங்கிக் கிடக்கிறது. அவ்வலகிலும் பரிதிமாற் கலைஞரின் 'நாடகவியல்', சங்கரதாஸ் சுவாமிகள், பம்மல் சம்பந்த முதலியார் என்று சொல்லி, இசுலாமியத் தமிழ் இலக்கியம் நடத்துங்கால் 'அலிபாதுஷா நாடகம்', 'அப்பாஸ் நாடகம்' என்னும் பெயர்களையும் சேர்த்து முடித்து விடுகிறோம். எழுதியவர் பெயரை மாணவர் அறிவர். நடித்தவர் பெயரை அறியார். அதிலும், முகத்தைக் காட்டாமல் குரல் ஒன்றையே கொண்டு நடித்த பெண்மணிகளைப் பற்றி நாம் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை.

இக்குறை சிறிதன்று என்பது நம் கருத்து. அதனை விளக்க இலங்கைக் கலைஞர் ஒருவரை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். அவர் இராஜேஸ்வரி சண்முகம்.

கொழும்பு மாநகரில் பிறந்த இவ்வம்மையார், இளம் வயதிலேயே வானொலி நாடகங்களில் குரல் கொடுக்கத் தொடங்கியவர். மேடை நாடகங்களிலும் நடித்தவர். இவர்தம் கணவர் சி. சண்முகமும் வானொலி நாடகங்கள் எழுதியவரே. பின்னர் இராஜேஸ்வரி இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளராகிப் பல்லாண்டுகள் பணியாற்றினார். நேயர்கள் இவரை 'வானொலிக் குயில்' என்று அழைத்தனர். 2012ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இவர் மறைந்தார். வாழ்க்கை வரலாறாகச் சொன்னால் இவ்வளவில் அடங்கிவிடும். நடிகையரின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் சுருங்கி விடுகிறது. அவர்கள் நடித்த ஒவ்வோர் இரவும் வரலாற்றில் ஏறுவதில்லை.

கடல் கடந்த ஒரு குரல் பாலாற்றங்கரையை எவ்வாறு எட்டியது? இதற்கு ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு, எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கொழும்புத் தந்தி அலுவலகத்தில் ஒலிபரப்புச் சோதனைகளைச் செய்தார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. சென்னை வானொலி நிலையம் தொடங்கியதோ 1938இல்தான். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவிய ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப்பின் இலங்கையின் கைக்கு வந்தது. அவ்வேளையில் நம் நாட்டிலும் ஒன்று நிகழ்ந்தது. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் இரசனையைக் கெடுக்கும் எனக் கருதி அனைத்திந்திய வானொலியில் அவற்றைக் கட்டுப்படுத்தினார். மக்கள் வாதாடவில்லை, வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி வந்த பின்னரும் திருப்பிய முள் பல வீடுகளில் திரும்பவே இல்லை.

திரைப்பாட்டுக்காகத் திருப்பியவர்கள் பாட்டை மட்டும் கேட்கவில்லை. பாட்டுக்கு முன்னும் பின்னும் வந்த தமிழையும் கேட்டார்கள். நாம் சிறப்பாகக் கூற விழைவது இதனையே. வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் நம் சமுதாய வீடுகள் பலவற்றில் உருதுவே வீட்டுமொழி. ஆடவர் தோல் மண்டிக்கும் தொழிற்சாலைக்கும் கடைக்கும் சென்று தமிழ் பேசிப் பழகினர். பெண்டிருக்கு அவ்வாய்ப்புக் குறைவு. பள்ளிப் படிப்பும் இடையில் நின்றுபோன அவர்கள், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே வானொலி கேட்டனர். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் அது. திரையரங்குக்குப் போக இசைவில்லாத வீட்டிலும் வானொலிப் பெட்டிக்கு மாடத்தில் இடமிருந்தது. நோன்புக் காலத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியைக் கேட்க வாங்கிய பெட்டி, மற்ற நாள்களில் நாடகத்தையும் கொண்டுவந்தது. ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்தொலிக்கும் மூதாட்டியர் சிலரை இவ்வூர்ப் பக்கம் இன்றும் காணலாம். எங்கே கற்றீர்கள் என்று வினவினால், "சிலோன் ரேடியோ" என்பார்கள். தமிழாசிரியர்களாகிய நாம் அவ்விடையைக் கேட்டுச் சற்றே நாணவும் வேண்டும்.

அவ்வானொலியில் 'இசையும் கதையும்' என்றொரு நிகழ்ச்சி இருந்தது. நேயர்கள் எழுதி அனுப்பும் கதையை அறிவிப்பாளர் வாசிப்பார். கதையின் திருப்பங்களுக்கு ஏற்ற திரைப்பாடல் இடையிடையே ஒலிக்கும். கதை சில வேளை மிகச் சாதாரணமானதாகவே இருக்கும். எனினும் வாசிப்பவர் நாடகத்தில் தோய்ந்தவராயின், அச்சாதாரணக் கதையே கேட்போரைக் கண்கலங்க வைத்துவிடும். அறிவிப்பாளரையும் நடிகரையும் இலங்கை வானொலி வேறுவேறாகப் பார்க்கவில்லை என்பது அதன் தனிச்சிறப்பு. சிறுவனாக நாடகத்தில் நுழைந்து அறிவிப்பாளராக உயர்ந்த பி. எச். அப்துல் ஹமீதும் அவ்வழி வந்தவரே. இராஜேஸ்வரியும் அவ்வழி வந்தவரே. ஆதலால்தான் 'நேயர்களே' என்னும் ஒரு சொல்லிலும் அவர்களால் ஓர் உறவை ஏற்படுத்த முடிந்தது.

இனி, கலையைப் பார்ப்போம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவற்றின் நுட்பத்தைக் கண்ணாலும் செவியாலும் தெளிந்துணர வல்லவர்க்கே உணரமுடியும் என்பதும் அவர் கருத்து. மேடை நடிகைக்குக் கண், செவி என்னும் இரு வாயில்களும் திறந்திருக்கின்றன. விழி, புருவம், கை, நடை, உடை, ஒப்பனை எல்லாம் துணை நிற்கின்றன. வானொலி நடிகைக்கு ஒரு வாயில் அடைபட்டுவிட்டது. எட்டு மெய்ப்பாடுகளையும் செவி வழியாகவே செலுத்தியாக வேண்டும்.

இது குரலினிமையால் மட்டும் நடப்பதன்று. மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கக் குரலை உயர்த்த வேண்டும். ஒலிவாங்கியின் முன் அவ்வாறு உயர்த்தினால் கேட்பவர் செவி நோகும். இரகசியம் பேச ஒலிவாங்கியை நெருங்க வேண்டும். கோபித்துக் கொண்டு வெளியேறப் பேசிக்கொண்டே விலக வேண்டும். கையிலுள்ள தாள் சலசலத்தால் காடும் அரண்மனையும் மறைந்து காகிதம் தோன்றிவிடும். ஒரே தன்மையான இரு பெண்குரல்கள் அடுத்தடுத்துப் பேசினால் யார் தாய், யார் மகள் என்று விளங்காது. எனவே ஒருத்தி தன் குரலின் வயதை மாற்றிக் கொள்ள வேண்டும். அழுகையைக் காட்டச் சத்தமாக அழுவது எளிது. அழுகையை அடக்கிக்கொண்டு, "ஒன்றுமில்லை" என்று சொல்வது அரிது. மூச்சைச் சற்றே நிறுத்தி அச்சொல்லைச் சொல்லும்போது, கேட்பவர் தம் மனத்தில் அந்த முகத்தைத் தாமே எழுதிக் கொள்கிறார். பீடி சுற்றிய பெண்ணின் மனத்தில் எழுந்த முகம் வேறு. விளக்கொளியில் தோல் கணக்கு எழுதியவர் மனத்தில் எழுந்த முகம் வேறு. இரண்டுக்கும் உரிய குரல் ஒன்றே.

மேலைநாட்டார் இக்கலையின் தனித்தன்மையைத் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். 1924 சனவரியில் இலண்டன் வானொலிக்கென்றே ரிச்சர்டு ஹியூஸ் எழுதிய நாடகம், விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்துள் நடப்பது. பாத்திரங்களுக்கும் கண் தெரியாது, கேட்போருக்கும் தெரியாது. எவ்வளவு நுட்பமான தொடக்கம்! கிளாடிஸ் யங் என்னும் ஆங்கிலேய நடிகை மேடையிலிருந்து அவ்வானொலிக்கு வந்து, முகத்தால் அன்றிக் குரலால் நாடறிந்தவரானார். 1941இல் இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புத் தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' எனப் பெயர் சூட்டிய சோ. சிவபாதசுந்தரம், கொழும்பிலும் இலண்டனிலும் பெற்ற பட்டறிவைக் கொண்டு 'ஒலிபரப்புக் கலை' என ஒரு நூலே எழுதினார். தமிழில் இக்கலைக்கு இலக்கணம் இல்லை என்று எவரும் கூற முடியாது. இலக்கணம் இருந்தும் கற்பிப்பார் இல்லை. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017இல் நின்றது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம், எழுந்தும் இருக்கிறது. "நடிப்பு நம் பெண் மக்களுக்கு ஆகுமா?" என்று சமுதாயப் பெரியோர் வினவுகின்றனர். அவ்வினாவை எள்ளுவது நம் நோக்கமன்று. மேடை நடிகையரைச் சமூகம் ஒருபுறம் கைதட்டி மகிழ்ந்தது. மறுபுறம் இழிவாகப் பேசியது. தன் மகளுக்கு அவ்விழிவு வரக்கூடாது என்று ஒரு தந்தை அஞ்சுவது இயல்பே. நம் வகுப்பில் உரைநடையை வாசிக்கும்போது பிற மாணவியர் எழுதுகோலை வைத்துவிட்டுக் கேட்கும் அளவுக்குக் குரல்வளம் பெற்ற மாணவி ஒருத்தி இருந்தாள். ஒலிப்பதிவு ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது வீட்டில் இசையவில்லை. அவள் தந்தையார் நம்மிடம் மிகுந்த மரியாதையுடன்தான் மறுத்தார். ஆயினும் அவள் குரல் இன்று எங்கும் ஒலிக்கவில்லை.

நாம் பெரியோரிடம் வேண்டுவது ஒன்று: மேடையையும் வானொலியையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டா. முகம் தெரியாது; ஒப்பனை இல்லை; கூத்தில்லை; இருப்பது சொல்லும் குரலும் பொருளும் மட்டுமே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக 2,000க்கும் மேற்பட்ட நபிமொழிகள் நமக்குக் கிடைத்துள்ளன. நபித்தோழர்கள் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெற்றார்கள். பெண்குரலில் அறிவு வழங்கப்பெறுவது நமக்குப் புதியதன்று. இன்று காலைதோறும் நம் வட்டாரத்துப் பெண்கள் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறிச் செல்கின்றனர். ஒரு தலைமுறைக்கு முன் அதற்கும் தயக்கம் இருந்தது. பிழைப்புக்காகத் தளர்த்திய கையைக் கல்விக்காகவும் சற்றுத் தளர்த்தலாம்.

பிழைப்பும் இதில் இல்லாமல் இல்லை. ஒலிநூல், குரல் மாற்றம், பார்வையற்றோர்க்கான பாடப்பதிவு என வேலைகள் பல உள்ளன. கணினியே தமிழ் படிக்கும் காலம் வந்துவிட்டதே என்பார்க்கு ஒரு சொல்: அது எழுத்தைப் படிக்கிறது, அடக்கிய அழுகையைப் படிக்க அதற்குச் சொல்லிக் கொடுப்பதற்கும் நடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

எனவே நம் துறைக்கு ஒன்று முன்மொழிகிறோம். நாடக இலக்கிய அலகில் வானொலி நாடகத்தைச் சேர்ப்போம். ஆண்டுக்கு ஒரு நாடகமேனும் மாணவர் எழுதிப் பதிவு செய்யட்டும். அதற்கு முன்பாக, இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் ஊர் மூதாட்டியரிடம் சென்று, எந்த நாடகம், எந்தக் குரல், எந்தச் சொல் இன்னும் நினைவில் நிற்கிறது என்று கேட்டு எழுதிவரட்டும். அவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். செலவும் மிகுதியில்லை. நூலகத்தின் பின்னறையில் எதிரொலியைத் தடுக்கச் சுவரெங்கும் கம்பளித் திரை, இரண்டு ஒலிவாங்கி, ஒரு கணினி ஆகியன போதும். பதிவின் முடிவில் நடித்த மாணவியின் பெயரை அறிவிப்பதா, புனைபெயரைச் சொல்வதா என்பதை அவரவர் வீட்டாரே முடிவு செய்யட்டும்.