மேமியின் பெயர் என்ன?

மார்கரெட் மிட்சல் எழுதி 1936இல் வெளியான 'கான் வித் த விண்ட்' நாவலைக் காதல் காவியம் என்கிறார்கள். நாயகி ஸ்கார்லெட் மூன்று பேரை மணக்கிறாள், இன்னொருவனுக்காக ஏங்குகிறாள், வீடு புகுந்த சிப்பாயைச் சுட்டுக் கொல்கிறாள். துணிச்சல்காரி என்று கொண்டாடுகிறார்கள். கைதிகளைக் குத்தகைக்கு எடுத்துத் தன் மர ஆலையில் அவள் வேலை வாங்கியதைச் சொல்வதில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஸ்கார்லெட்டையும் அவள் தாயையும் தூக்கி வளர்த்த கறுப்பின அடிமைப் பெண்ணின் பெயர் என்ன? 'மேமி' என்ற விளிப்பைத் தவிர நாவலில் அவளுக்கு வேறு பெயரில்லை. காதலும் இல்லை. சொந்தப் பெயர் மறுக்கப்பட்ட பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

2001இல் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் ராண்டல், மேமியின் மகளே கதை சொல்வதாக மறுநாவல் எழுதினார். மிட்சலின் உரிமைதாரர்கள் தடை வாங்கினார்கள். மேல்முறையீட்டில் அது உடைந்தது. ஸ்கார்லெட் துப்பாக்கி எடுத்தபோது ரசித்தவர்கள், மேமியின் மகள் பேனா எடுத்ததும் நீதிமன்றம் ஓடினார்கள்.