எட்டாவது வழு

தமிழில் பிறர் முகத்தைப் பழிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சிடுமூஞ்சி, உம்மணாமூஞ்சி, அழுமூஞ்சி என ஒருவர் முகத்தின்மேல் ஒட்டிவிடும் பட்டங்கள் வீட்டிலும் வீதியிலும் பள்ளியிலும் மலிந்து கிடக்கின்றன. ஆனால், சிடுசிடுப்பே இல்லாத முகத்தில் சிடுசிடுப்பைக் கண்டவனுக்கு என்ன பெயர்? களைத்த முகத்தைச் சினந்த முகமென்று கொண்டு, வாய் திறவாத ஒருவன்மேல் வஞ்சம் ஏற்றியவனுக்கு என்ன பட்டம்? அன்றாட வழக்கில் அவனுக்குப் பெயரே இல்லை. பார்க்கப்பட்டவனுக்குப் பழி, பிழைபடப் பார்த்தவனுக்கு விடுதலை! இந்த நீதிக்கேட்டைச் சொல்லாக்கத்தால் திருத்த வேண்டும். அத்திருத்தத்தை மாணவர்கள் ஒரு விளையாட்டாகவே தொடங்கலாம்.

இவ்வாறு சொன்னதும் புலவர் சிலர் புருவம் நெரிப்பர். அந்நெரிப்பு சினத்தால் வந்ததா, சிந்தனையால் வந்ததா என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதிருப்பதே முறை. அவர்தம் மறுப்பு இது: "தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளும் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. திருக்குறளிலோ குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. இவற்றுக்குமேல் ஆக்குவதற்கு இனி என்ன இருக்கிறது?"

ஆக்குவதற்கு ஒன்று இருக்கிறது. மெய்ப்பாட்டியல் உணர்ச்சி உடலில் புலப்படுமாற்றைப் பேசுகிறது. குறிப்பறிதல் அதனைச் சரியாக உணரும் திறனைப் போற்றுகிறது. தவறாக உணர்வதற்கு இரண்டிலும் தனிப்பெயர் இல்லை. ஆயினும் அத்தவறு நேரும் என்பதை இரு பேராசான்களும் அறிந்தே இருந்தனர். கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணரும் ஆற்றல் உடையார்க்கன்றி ஏனையோர்க்கு மெய்ப்பாட்டின் பொருள் எட்டுதல் அரிது என்று சொல்லியே தொல்காப்பியர் அவ்வியலை முடிக்கிறார். முகத்தைப் பளிங்குக்கு ஒப்பிட்ட வள்ளுவரும், நெஞ்சில் மிக்கு எழுந்ததையே முகம் காட்டும் என்றார். களைப்பையும் கூச்சத்தையும் கண்டு ஒருவர் குணத்துக்குத் தீர்ப்பெழுதும் உரிமையை எவருக்கும் வழங்கவில்லை. காமத்துப்பாலில், பகைவர்போல் நோக்கும் நோக்கு உள்ளன்பின் குறிப்பாதலும் உண்டு என்று காட்டுகிறார். முன்னோர் அறிந்திருந்த பிழைக்குப் பின்னோர் பெயரிடுவது மரபை மீறுவதாகுமா?

சிங்கப்பூரில் இது வெறும் ஏட்டு வழக்கன்று. நான்கு ஆட்சிமொழிகள் வழங்கும் இந்நகரில், பெருவிரைவு ரயிலில் எதிரெதிரே அமர்ந்திருப்போர் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதிருத்தல் இயல்பு. மொழி அறியாத இடத்தில் மக்கள் முகத்தைப் படிக்கின்றனர், பிழைபடவும் படிக்கின்றனர். தேக்காவில் தமிழ்க் கடைக்காரர் தலையைப் பக்கவாட்டில் அசைத்து 'ஆம்' என்கிறார். அதனை 'இல்லை' என்று கொண்ட சீன வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகிறார். மின்தூக்கியில் சலனமின்றி நிற்கும் சீன மூதாட்டியைச் செருக்குடையவர் என்கிறது அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பம். ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலைப் பக்கம் கூடும் கட்டுமானத் தொழிலாளரின் நிலை இவற்றினும் கொடிது. வாரமெல்லாம் வெயிலில் உழைத்த முகத்தில் சிரிப்புக்கு ஏது இடம்? அம்முகத்தைக் கண்டு கைப்பையை இறுகப் பற்றியவாறு விலகிச் செல்வோர் உளர். அவருள் தமிழரும் உளர். ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பவனின் கவலை, கயமையாகப் படிக்கப்படுகிறது.

வகுப்பறையும் இதற்கு விலக்கன்று. ஆசிரியர் கண்டிக்கும்போது சில மாணவர் சிரித்துவிடுகின்றனர். அச்சமும் நாணமும் முட்டி மோதுகையில் உதட்டில் வந்து விழும் அசட்டுச் சிரிப்பு அது. "என்ன இளிப்பு?" என்று மீண்டும் ஒரு தண்டனை விழுகிறது. முதல் தண்டனை மாணவன் செய்த பிழைக்கு. இரண்டாவது ஆசிரியர் செய்த பிழைக்கு. எழுத்துப்பிழையைச் சுழிக்கச் சிவப்பு மை இருக்கிறது. இப்பிழையைச் சுழிக்க என்ன இருக்கிறது?

பெயரிடும் வழி இலக்கணத்திலேயே இருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழுவகை வழுக்களை நன்னூல் வகுத்தது. எட்டாவதாக முகவழு என்று ஒன்று இருக்கட்டும். அசட்டுச் சிரிப்பை ஏளனமாகக் கொள்வது நகைவழு. களைப்பைச் சினமாகக் கொள்வது வெகுளிவழு. கூச்சத்தைச் செருக்காகக் கொள்வது பெருமிதவழு. தலையசைப்பைத் தலைகீழாகக் கொள்வது தலைவழு. பிள்ளையின் முகத்தில் எந்நேரமும் பசியையே கண்டு சோறு போடும் தாய் செய்வது பசிவழு. அது மட்டும் இலக்கணம் பொறுத்துக்கொள்ளும் வழுவமைதி! இவ்வழுக்களையே தொழிலாக நடத்துபவன் மூஞ்சோசியன். மூஞ்சியைப் பார்த்தே சோசியம் சொல்பவன். சிராங்கூன் சாலையில் கிளி சோசியம் பார்த்தவரேனும், கிளி ஓர் அட்டையை எடுத்த பிறகே பலன் சொன்னார். மூஞ்சோசியனுக்கோ அட்டையும் வேண்டா, கிளியும் வேண்டா.

சொல்லாக்கம் அறிஞர் குழுக்களின் பணி, விளையாட்டு மொழியைக் கெடுக்கும் என்பது அடுத்த மறுப்பு. சிலேடையால் புகழ்பெற்ற காளமேகப் புலவரை மேடைதோறும் போற்றும் நா, மாணவனின் சொல்விளையாட்டைக் கண்டதும் சீறுவானேன்? சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ஆக்கியதாகப் போற்றப்படும் 'இணையம்' என்ற சொல்லை இன்று உலகத் தமிழரெல்லாம் ஆள்கின்றனர். இச்சிறு தீவில் பிறந்த சொல் கடல் கடந்து வாழ முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? மாணவர் ஆக்கும் பத்துச் சொற்களுள் ஒன்பது வீழலாம். அதனால் மொழி தேயாது. எஞ்சும் ஒன்றால் வளரும்.

இஃது ஆங்கிலேயரைப் பார்த்துப் போடும் சூடு என்பாரும் உளர். டக்ளஸ் ஆடம்சும் ஜான் லாய்டும் 1983இல் வெளியிட்ட 'தி மீனிங் ஆஃப் லிஃப்' என்ற நூல், பெயரற்றுக் கிடந்த அன்றாட அனுபவங்களுக்கு ஊர்ப்பெயர்களைச் சூட்டி விளையாடியது உண்மையே. ஆனால் ஆங்கிலத்தில் கொள்ளத்தகாததும் உண்டு. சும்மா இருக்கும் முகத்தையே குற்றமாக்கி, பெரிதும் பெண்களைக் குறிவைக்கும் ஏச்சுத்தொடர் ஒன்று இந்நூற்றாண்டில் அம்மொழியில் பரவியது. அதுவும் சிடுமூஞ்சியின் உடன்பிறப்பே. ஆதலின் விளையாட்டுக்கு ஒரு விதி வேண்டும்: புதுச்சொல்லின் முள் பார்ப்பவனைத் தைக்கலாம், பார்க்கப்படுபவனைத் தைக்கக் கூடாது. ஒருவர் நிறத்தையோ இனத்தையோ கண்ணையோ மூக்கையோ தொட்டு ஆக்கப்படுவது சொல்லன்று, வசை.

இவ்வழு கற்பனையன்று என்பதற்கு அறிவியலும் சான்று பகர்கிறது. முக அசைவை மட்டும் கொண்டு உள்ளத்து உணர்ச்சியை உறுதியாக அறிய இயலாது என்று, பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த உளவியலார் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐவர் 2019இல் எழுதினர். முகத்தைக் கண்டு உணர்ச்சியை ஊகிக்கும் கணினி வசதியைக் கைவிடுவதாக 2022இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்தது. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் தடை விதித்திருக்கிறது. இயந்திர மூஞ்சோசியனுக்குச் சட்டம் வந்துவிட்டது. மனித மூஞ்சோசியனுக்கு ஒரு சொல்லேனும் வர வேண்டாவா?

சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் முகக்கவசம் கட்டாயமாயிற்று. பேருந்திலும் ரயிலிலும் அக்கட்டாயம் 2023 பிப்ரவரி வரை நீடித்தது. பாதி முகமே தெரிந்த அந்நாட்களில், ஐயுற்றவர் வாய்விட்டுக் கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது. முழு முகமும் தெரிகின்ற இந்நாளிலும் முகவழுவுக்கு மருந்து அதுவே: முடிவு கட்டுமுன் கேட்டல்.

ஆசிரியப் பெருமக்கள் இதனைத் தங்கள் வகுப்பிலிருந்தே தொடங்கலாம். மாணவரைக் கூட்டி எட்டாவது வழுவின் பிரிவுகளை ஆக்கச் சொல்லலாம். ஆக்கிய சொல் முதலில் ஆசிரியர் மீதே பாயுமானால் அதையும் ஏற்கலாம். "ஐயா, இது நகைவழு" என்று எழுந்து சொல்ல அந்த மாணவனுக்கு ஒரு சொல் வேண்டும். அச்சொல் இல்லாமையால் இன்று அவன் தலைகுனிந்து நிற்கிறான். அந்தக் குனிவையும் திமிர் என்றே படித்துவிடுகின்றனர்.