குளியலறைத் திரை யார் பொறுப்பு?

கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக அமைந்துவிட்ட வாடகை வீடுகளில் இரண்டையும் பிரிப்பது ஒரு பிளாஸ்டிக் திரைதான். எங்கள் வீட்டிலும் அப்படியே. அதன் அடிப்பகுதியில் படியும் வெண்மையைக் கண்டு, திரை கெட்டுவிட்டதென்று அடிக்கடி புதிது வாங்கி மாட்டி வந்தோம். உண்மையில் அது என்ன? கடின நீரிலுள்ள கால்சிய, மக்னீசிய உப்புகள் சோப்புடன் வினைபுரிந்து உண்டாகும் கரையாத படிவு. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாமே நாம்! வினிகரில் சம அளவு நீர் கலந்து, அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. அதற்குச் சலவைத்தூளும் தூரிகையும், பிறகு நல்ல காற்றும் வேண்டும்.

ஆனால் வினிகரையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்; காற்றோட்டமில்லாத சிற்றறையில் அது உயிருக்கே உலை வைக்கும். என் அம்மா ஒருநாள் அறியாமல் அப்படிக் கலந்துவிட்டு, மூச்சுத் திணறி இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். படித்த நான் அப்போது கூடத்தில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து பேர் குளிக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் தேய்ப்பது என்ன நியாயம்? குளித்தவர் திரையை மடிப்பின்றி விரித்துவிட்டு வர எத்தனை நொடி ஆகும்? ஈரம் உலர்ந்துவிட்டால் பூஞ்சை எளிதில் பிடிக்காது.

இப்போது ஞாயிறுதோறும் திரை என் பொறுப்பு. தம்பிதான் இன்னும் அதைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு வருகிறான்.