பீடிக்கடைக்கு வரட்டும் வைத்தியம்

மலைக்காற்றும், மூலிகை வேர்களைத் தழுவி வரும் அருவி நீரும் உடற்பிணியைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையோடு மக்கள் குற்றாலத்துக்கு வந்துகொண்டிருந்த அந்நாளில், க்ஷயரோகம் என்று அழைக்கப்பட்ட காசநோய்க்கு நிச்சயமான மருந்து உலகில் எங்குமே இருக்கவில்லை. நல்ல காற்று, ஓய்வு, புஷ்டியான ஆகாரம் ஆகிய மூன்றையும் நம்பித்தான் டாக்டர் சௌரி முத்து 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் சானடோரியத்தை நிறுவினார். திருநெல்வேலிச் சீமையின் பேச்சைச் சிறுகதையில் நிலைபெறச் செய்த புதுமைப்பித்தன் 1948இல் இந்நோய்க்கே பலியானபோது அவருக்கு வயது 42தான்.

இந்த நிலையை மாற்றியதில் சென்னைக்குத் தனி ஸ்தானம் உண்டு. 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டுக் காலம் கொடுத்துப் பார்த்து, வீட்டில் இருந்தவர்கள் ஆகாரத்திலும் ஓய்விலும் குறைவுபட்டிருந்தும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள் என்பதை 1959இல் நிரூபித்தது. ஆனால் அந்த வெற்றிக்கு மாத்திரை மட்டுமா காரணம்? ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள்; சொல்லாமல் கொள்ளாமல் சென்று மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள்; மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். படுக்கை வேண்டாம் என்ற முடிவை நாம் ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டோம். வீட்டுப்படி ஏறிய அந்தக் கால்களை மறந்துவிட்டோம் என்பதே என் மனக்குறை.

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில், பாவூர்சத்திரம், கடையம், ஆலங்குளம் பக்கத்து ஊர்களுக்குள் பிற்பகலில் நடந்து போகிறவர் எவரும் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு: திண்ணைச் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, நனைத்துப் பதமாக்கிய இலையைக் கத்தரித்து, தூளைப் பரப்பிச் சுற்றி, நூல் கட்டி, நுனியை மடக்கும் பெண்ணின் விரல்கள் ஒரு கணமும் ஓய்வதில்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. அப்படிப்பட்டவள் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோயா என்று சளியைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். சோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் அந்த ஒரு நாள் மட்டும் அவளுக்கு இலவசமல்ல. ஆகவே, சாரல் காற்றின்மேலும் தூள் வாடையின்மேலும் பழியைப் போட்டு, பக்கத்து மருந்துக்கடை டானிக்கைக் குடித்து மாதத்தைக் கடத்துகிறாள். மணமாகாத பெண்ணாக இருந்துவிட்டால், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சம் வேறு.

மருந்து தொடங்கிய பிறகும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. ஆறு மாதச் சிகிச்சையில் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். "இது மருந்தோட நிறம்தான், பயப்படாதீங்கக்கா" என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. சொல்ல ஆளில்லாத வீட்டில், ரத்தம் போகிறதென்று நடுங்கி மாத்திரை அட்டையை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எந்த யந்திரமும் இல்லை.

2022 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான். நோய் கண்டறியப்பட்டவுடன் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மிகவும் நலிந்தவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதே அதன் முறை. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று குனிந்து பார்க்கும் ஒருவர் இருந்தால் போதும். வீட்டிலிருந்தே குணமாகலாம் என்ற பொது விதிக்குள், படுக்கை இன்றியமையாதவர்களும் உண்டு என்பதை அத்திட்டம் மறவாமல் வைத்திருக்கிறது.

ஆகாரத்துக்கென்று மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்று, நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள் கொடுத்ததால் அவர்களுக்குள் புதிதாக நோய் காண்பது சுமார் 40 சதவீதம் குறைந்ததாகக் காட்டிய பிறகு, நோயாளியோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. அதேபோல, சிகிச்சையின் நடுவே புளியரை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிறவரின் பெயரும் மருந்தும் அவருக்கு முன்பாகவே அங்கே போய்ச் சேர வேண்டும்.

பீடி சுற்றும் பெண்களோ எங்கும் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லாத அவர்கள், சுற்றியதைக் கொடுத்து இலையும் தூளும் வாங்கப் பீடிக்கடைக்குத் தவறாமல் வருகிறார்கள். முறை வரும் வரை அங்கே காத்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு செவிலியும் ஒரு எடை மெஷினும் அங்கே இருந்தால், வந்தவர் எல்லோருக்கும் எடை பார்த்துக் குறித்துக்கொள்வதால் யாரை எதற்காகப் பார்க்கிறார்கள் என்ற பேச்சுக்கும் இடமிராது; சென்ற மாதத்தைவிட இரண்டு கிலோ குறைந்தவளிடம் இருமலைப் பற்றிக் கேட்டு, சளி எடுக்க ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பலாம். அடுத்த சாரல் தொடங்கும் ஆனி மாதத்துக்குள், கீழப்பாவூர் வட்டாரம் ஒன்றிலாவது, வாரம் ஒரு நாளாவது இதைச் செய்து பார்க்கும்படி மாவட்ட நிர்வாகத்தை வேண்டிக்கொள்கிறேன்.